கொம்பு இடம் மாறிய எழுத்துகள்

மக்கு, மண்டு, மரமண்டை, தற்குறி. படிப்பு ஏறாத பிள்ளையைச் சுட்டுவதற்குத் தமிழில் வசைச்சொற்களுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. இவற்றுள் தற்குறி மட்டும் சற்று வேறானது. பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டியவர்கள் பார்த்திருப்பார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் தாளில் ஒரு கீறல் இடுவார். பத்திரம் எழுதுபவர் அதனருகே ‘இது இன்னார் தற்குறி’ என்று எழுதி வைப்பார். ஆவணத்தில் மரியாதையோடு உட்கார்ந்திருந்த அச்சொல், வகுப்பறைக்குள் நுழைந்ததும் வசவாகிப் போனது.

இந்தச் சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாங்களும். நாங்கள் என்றால், கம்பத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சிற்றூர்களைச் சேர்ந்த ஐந்தாறு புத்தகப் பைத்தியங்கள். ஒருவர் தபால் துறையில் ஓய்வு பெற்றவர், ஒருவர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவர், இருவர் ஆசிரியர்கள், மற்றவர்களுக்குத் தோட்டம், கடை என்று பிழைப்பு. ஞாயிறு மாலைகளில் கூடி நாவலும் சிறுகதையும் பேசிக் கலைவது பல்லாண்டு வழக்கம். 2022 கோடையில் இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எங்கள் பேச்சு தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது, பிறகு அவர்களையே கதைப்புத்தகம் வாசிக்க வைப்பது.

காரணம் எல்லோரும் அறிந்ததே. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. இரண்டாம் வகுப்பில் வீட்டுக்குப் போன பிள்ளை நான்காம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விட்டு இருட்டும் வேளையில் திரும்புகிறவர்கள். கைப்பேசியில் பாடம் கேட்பதை யார் கண்காணிப்பது? ஆகவே எல்லாப் பிள்ளைகளுமே எழுத்தை மறந்திருந்தார்கள். ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகள் வந்தன. சிறு வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. ஓராண்டுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் தட்டுத் தடுமாறியாவது கரையேறிவிட்டார்கள்.

ஒருவன் மட்டும் ஏறவில்லை. அப்போது ஐந்தாம் வகுப்பு. பெயர் வேண்டாம்; ‘அவன்’ என்றே வைத்துக்கொள்வோம்.

கதை கேட்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. முந்தைய வாரம் சொன்ன கதையை மறுவாரம் திருப்பிச் சொல்லச் சொன்னால், நாங்கள் விட்டுவிட்ட இடத்தையும் சேர்த்துச் சொல்வான். ராஜகுமாரன் ஆற்றைக் கடக்கும் கட்டத்தில் முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் திறந்துவிட்ட நாளின் இரைச்சலைக் கொண்டுவந்து வைப்பான். சிற்றப்பனின் திராட்சைத் தோட்டத்தில் திரிந்து வளர்ந்ததால் பந்தல், கவாத்து, மருந்தடிப்பு என்று எதைக் கேட்டாலும் ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்துவான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். ஒருமுறை வற்புறுத்தியதில் ஒரு பக்கத்தைக் கணீரென்று வாசித்தான். விரல் ஒரு வரியிலும் வாய் வேறொரு வரியிலும் போய்க்கொண்டிருந்ததை எங்களில் ஆசிரியராக இருப்பவர் கவனித்தார். அது முன்பே அவன் காதால் கேட்டிருந்த கதை. அதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்தபோது, படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகித்தான். படமில்லாத பக்கத்தில் நின்றுவிட்டான்.

“வாயி இருக்கு சார், கையிதான் வரமாட்டேங்குது” என்றார் அவனுடைய தாய்.

1896-இல் இங்கிலாந்தின் கடற்கரை ஊரொன்றில் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர் பெர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், விளையாட்டில் சுட்டி, ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதியவன். பாடமெல்லாம் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே சூட்டிகையான பையன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதாக மார்கன் பதிவு செய்திருக்கிறார். வாசிப்புக் குறைபாட்டைப் பற்றிய மருத்துவ எழுத்துகளில் முன்னோடி என்று இன்றும் சுட்டப்படுவது இக்குறிப்பு. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஏலத்தோட்டத்துக் கூலித் தொழிலாளியான ஒரு தாய் அதையே ஐந்தாறு சொற்களில் சொல்லி முடித்துவிட்டார்.

டிஸ்லெக்ஸியா என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் ‘கற்றல் குறைபாடு’ என்கிறோம். எங்களுக்கு இச்சொல் அத்தனை உவப்பாயில்லை. கற்பதில் அவனுக்கு என்ன குறை? கவாத்து செய்யும் கணுவை எண்ணிச் சொல்கிறானே! எழுத்தையும் ஒலியையும் முடிச்சுப் போடும் இடத்தில்தான் அவனுக்குச் சிக்கல். ‘மாமரம்’ என்பதில் ‘மா’வை எடுத்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டால் ‘மரம்’ என்று சொல்லிவிடுவான். அது அவன் அறிந்த சொல். ‘பலகை’யில் ‘ப’வை எடுத்துவிட்டால் என்று கேட்டால் திகைப்பான். பொருளற்ற வெறும் ஒலியாகச் சொல்லை அறுத்துப் பார்க்க அவன் காது ஒப்பவில்லை. வாசிப்புக் குறைபாட்டின் வேர் பெரும்பாலும் இங்கேதான், கண்ணில் அன்று, என்பது இன்றைய ஆய்வாளர் பலருடைய முடிபு. (இருந்தாலும் முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிட வேண்டும். தேனியில் 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது; பார்வையில் பழுதில்லை என்று தெரிந்துகொள்ள ஒரு பகல் போதும்.)

இதைப் பற்றித் தமிழில் கிடைக்கும் துண்டறிக்கைகளை வாசித்தபோது எங்களுக்குச் சிறிது எரிச்சல்கூட வந்தது. பிள்ளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ‘பி’யையும் ‘டி’யையும் இடவலம் மாற்றி எழுதுகிறதா என்று கவனிக்கச் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட அறிவுரை. தமிழ் நெடுங்கணக்கில் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பதுபோன்ற இணைகள் அரிது. போதாக்குறைக்கு, ஆறேழு வயதுவரை எழுத்தைத் திருப்பிப் போடுவது எந்த மொழிப் பிள்ளைக்கும் இயல்பு. தமிழ்ப் பிள்ளை தடுமாறும் இடங்கள் வேறு. அவனுடைய நோட்டைப் புரட்டியபோது அவை வரிசையாகத் தெரிந்தன.

முதலாவது, கொம்பு. ‘கெ’ என்பதில் ‘க்’ முன்னே ஒலிக்கிறது, ‘எ’ பின்னே ஒலிக்கிறது. எழுத்திலோ ஒற்றைக் கொம்பு முன்னே வந்து நிற்கிறது. ‘கொ’ என்று எழுத வேண்டுமானால் கொம்பு இந்தப் பக்கம், துணைக்கால் அந்தப் பக்கம். வாய் போகும் திசையில் கை போக முடியாத ஏற்பாடு இது. பழகியவர்களாகிய நமக்கு இதில் விந்தையே தோன்றாது. அவன் ‘கொடி’ என்பதைக் ‘கெடி’ என்று எழுதியிருந்தான். சில இடங்களில் ‘காடி’. இரண்டு துண்டில் ஏதேனும் ஒன்று தவறாமல் தொலைந்துவிடும். அடுத்தது, புள்ளி. ‘பந்தல்’ என்பது ‘பநதல’ என்று கிடந்தது. பிறகு, ஒரே பக்கத்தில் ஒரே சொல் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. எங்களுடைய ஆசிரிய நண்பர் இதைத்தான் முக்கியமாகக் கருதினார். தவறாகக் கற்ற பிள்ளை ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்யும். இவனுக்கோ ஒவ்வொரு முறையும் அச்சொல் புதிது.

எது குறைபாடு அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’தான். ‘மழை’யை ‘மளை’ என்று எழுதும் பிள்ளை, கேட்டதைக் கேட்டபடியே எழுதுகிறது. அதன் காதில் குற்றமில்லை. றகர ரகரமும் ணகர னகரமும் நம் பேச்சில் பெரும்பாலும் கலந்து போனவை. அங்கே தடுமாறாத எழுத்தாளர்களே குறைவு (எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைகளையே சான்றாகக் காட்டலாம்). இன்னொன்று, கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் முதல் இரண்டாண்டு பின்தங்கினால் அது மொழி மாற்றத்தின் பாரம். இந்திய எழுத்துமுறைகளில் எல்லாப் பிள்ளைகளுக்குமே காலம் கூடுதலாகத்தான் பிடிக்கிறது. கன்னடம் பயிலும் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-இல் எழுதிய கட்டுரை, எழுத்துகளை முழுதாக வசப்படுத்துவது நான்காம் வகுப்புவரைகூட நீள்வதைக் காட்டியது. இருபத்தாறு எழுத்துக்கான அளவுகோலால் இருநூற்று நாற்பத்தேழை அளக்கலாகாது. ஆகவே அவசரப்பட்டு முத்திரை குத்துவதும் ஆபத்து. ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று ஐந்தாம் வகுப்புவரை விட்டுவிடுவது அதைவிட ஆபத்து.

அவன் விஷயத்தில் முத்திரையும் முன்பே குத்தப்பட்டிருந்தது. இரண்டாம் வகுப்புவரை அவன் படித்தது கட்டணம் வாங்கும் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில். ஆண்டு முடிவில் தாயை அழைத்து, ‘வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், இவனால் மற்றப் பிள்ளைகளும் கெடுகின்றன’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் சேர்ந்ததும் கொரோனா வந்தது. நாங்கள் அவனைச் சந்தித்தபோது திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி வந்துகொண்டிருந்தது. சிற்றப்பன் வேறு, ‘பேசாம நம்ம தோட்டத்துல விட்டுருங்க, பெய தொழில் பழகிக்கிருவான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தீங்காகச் சொல்லவில்லை. அவனும் அதற்குத்தான் காத்திருந்தான் என்பதுதான் எங்களை உறுத்தியது.

அவனுடைய தந்தையை ஒருநாள் பார்த்துப் பேசினோம். கொத்தனார். சுவரின் நீள அகலத்தைப் பார்த்த மாத்திரத்தில் செங்கல் கணக்கைச் சொல்லிவிடக்கூடியவர் என்று பெயர் எடுத்தவர். பேச்சினிடையே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

“எனக்கும் எழுத்து நிக்காது சார். பஸ்ஸுல கலரப் பாத்துத்தான் ஏறுவேன். அஞ்சாப்போட நின்னுட்டேன். வாத்தியாரு அடிச்ச அடி அப்படி. இவனும் என்னய மாதிரியே வந்துட்டான்.”

இக்குறைபாடு குடும்பவழி வருவது என்று நூல்களில் படித்திருந்தோம். எதிரே உட்கார்ந்து ஒருவர் சொல்லக் கேட்பது வேறு. அவருடைய அய்யா பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாதவர். அவருக்கு இருந்ததா என்று கேட்பதற்கே வழியில்லை. ஊரில் எவரும் எழுதாத காலத்தில் எழுத்து வராதவன் என்று ஒருவன் இருந்திருக்க முடியாதல்லவா? எல்லோருக்கும் பள்ளிக்கூடம் என்ற நல்ல காரியம் நடந்த பிறகே இப்பிள்ளைகள் தனித்துத் தெரியத் தொடங்கினார்கள். தெரிந்ததும் அடி விழத் தொடங்கியது.

2007 டிசம்பரில் வெளியான அமீர்கானின் ‘தாரே ஜமீன் பர்’ இதைப் பற்றி நாட்டையே பேச வைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குப் பின், எழுத்து வராத பிள்ளை என்றால் அற்புதமாய் ஓவியம் வரைய வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பும் வந்து சேர்ந்துவிட்டது. கூடவே ஐன்ஸ்டைன், டாவின்சி என்று ஒரு பட்டியலைச் சொல்லித் தேற்றுகிறார்கள். அவர்களுக்கு இக்குறைபாடு இருந்தது என்பதற்கு உறுதியான சான்றும் கிடையாது. எங்கள் பையன் வரைந்த யானையைப் பார்த்தவர்கள் எருமை என்றார்கள். மேதையாக இல்லாத பிள்ளைக்கும் வாசிக்கும் உரிமை உண்டு.

வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் சிறப்பாசிரியர் அம்மையார் ஒருவர்தான் எங்களுக்கு வழி காட்டினார். அவருக்குப் பல பள்ளிகள். பார்வை, செவி, நடை என்று பலவகைக் குறைபாடுள்ள பிள்ளைகள். இருந்தும் நேரம் ஒதுக்கினார். அவர் சொன்ன முதல் காரியம், ஒரு தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைப்பது. எங்களில் மூத்தவர் சிரித்துவிட்டார். திண்ணைப் பள்ளியில் தம் பாட்டனார் செய்தது இதுதானே என்றார்.

அவர் சொன்னது சரி. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான ஒரு பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரில் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அவருடைய ஏற்பாடு இங்கிலாந்தெங்கும் பரவியது. வாசிப்புக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகச் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்காமும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் உருவாக்கிய முறையும் கண், காது, கை மூன்றையும் ஒருசேரப் பூட்டுவதே. அதற்காகத் திண்ணைப் பள்ளிக்கே திரும்பிவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே பிரம்பும் கோதண்டமும் இருந்தன. யாரெல்லாம் திண்ணை ஏற முடிந்தது என்பதும் நமக்குத் தெரியும். மணல் மட்டும் நல்லது.

பிறகு அட்டைகள். மெய்யெழுத்துக்கு ஒரு நிறம், கொம்புக்கும் காலுக்கும் வேறு நிறம். ‘க்’ அட்டையைச் சொல்லி வைத்துவிட்டு, ‘ஒ’ என்று சொல்லியபடி இரண்டு பக்கமும் கொம்பையும் காலையும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பந்தற்காலுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுப்பதுபோல என்று அவனே உவமை கண்டுபிடித்தான். அதன்பின் ‘கொ’ தவறவில்லை. நாளுக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. ஒரே பத்தியை மூன்று முறை வாசித்தல். மற்றப் பிள்ளைகள் எதிரே திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை. அறிவியல் பாடத்தை வாய்மொழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொண்டோம்; அவரும் இசைந்தார். இதெல்லாம் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஆனால் ஒருவர் நாள்தோறும் உட்கார வேண்டும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியரால் அது எப்படி முடியும்? எங்களில் ஆறு பேர் முறை வைத்துக்கொண்டும் திராட்சை அறுவடைக் காலத்தில் வாரக்கணக்கில் விட்டுப் போனது. விட்டதில் பாதி மறந்தும் போனது. மறுபடி மணலிலிருந்து தொடங்கினோம்.

எட்டு மாதம் சென்றபின் ஒருநாள், கம்பம் பேருந்து நிலையத்தில் நின்ற வண்டியொன்றின் பெயர்ப்பலகையை அவன் தந்தைக்கு வாசித்துச் சொன்னானாம். ‘உத்தமபாளையம்’ நீண்ட சொல்தான். நான்கு துண்டாக வாசித்திருக்கிறான். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டதாம். இன்றும் அவன் மெதுவாகத்தான் வாசிக்கிறான். வேகம் வருமென்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தமிழ்போல எழுத்தும் ஒலியும் ஓரளவு ஒத்துப்போகும் மொழிகளில் குறைபாடு முக்கியமாக வேகத்தில்தான் எஞ்சி நிற்கும் என்கிறார்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இப்பிள்ளைகளுக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைகளைப் பட்டியலிட்டபோதுதான் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உள்ளே வந்தது. இத்தகைய பிள்ளைகளை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் கண்டறிவது பள்ளிகளின் கடமை என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டு நெறிகள், மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியர்களே முதற்கட்டமாகக் கவனித்துச் சொல்ல வேண்டும் என்றன. அவனுக்கு எட்டு வயதானபோது பள்ளியே பூட்டிக் கிடந்தது.

இப்போது உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டான். பத்தாம் வகுப்புத் தேர்வு கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. சான்றிதழ் இருந்தால் கூடுதல் நேரம் கேட்கலாம், சொல்வதை எழுத ஒருவரைக் கேட்கலாம், மொழித்தாள் ஒன்றிலிருந்து விலக்கும் கேட்கலாம். அதற்கு மாவட்டத் தலைமையிடத்துக்கு இரண்டு மூன்று நடை நடக்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் தாய்க்கோ தந்தைக்கோ ஒருநாள் கூலி போகும். அதுகூடப் பெரிதில்லை. அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை.

“கை காலு நல்லாருக்க புள்ளைக்கு எதுக்குய்யா அந்த சர்ட்டிபிகேட்டு? நாளைக்கு எவன்யா பொண்ணு குடுப்பாக?”

அவருக்கு நாங்கள் என்ன சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில் மகன்தான் பேசினார். ‘எனக்கு அப்ப ஒரு சீட்டு இருந்திருந்தா வாத்தியாரு அடிச்சிருக்க மாட்டாருல்லம்மா’ என்றார். கிழவி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. விண்ணப்பம் கொடுத்தாயிற்று.

மிச்சமிருப்பது மொழித்தாள். விலக்கு வாங்குவதென்றால் எதை விடுவது? எங்களுக்குள் இரண்டு ஞாயிறுகள் இதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. ஆங்கிலத்தை விட்டுவிட்டால் மேற்படிப்பில் இடிக்கும் என்றார் ஒருவர். தமிழை விடுவதா, அதற்கா நாம் மணலில் எழுத வைத்தோம் என்று கொதித்தார் தபால்காரர். தேர்வு எழுதப் போவது நீங்களும் இல்லை நானும் இல்லை என்று முடித்து வைத்தார் ஆசிரியர். அவனையே கேட்டோம். இரண்டையும் எழுதிப் பார்த்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டான். தோற்றாலும் தோற்கலாம் என்றோம். கவாத்து வேலை நடந்துகொண்டிருக்கிறது, அது முடிந்ததும் சொல்கிறேன் என்று போயிருக்கிறான்.